அறைக்காரி

அவளிடம் அறை வாங்கியவர்களை வரிசையாக நிற்க வைத்தால், தெருமுனையில் தொடங்கி பஸ் டிப்போ வரைக்கும் போகும். அதில் பாதிப் பேர் அறை வாங்கியபோது பிறந்து ஒரு நிமிஷம்கூட ஆகாதவர்கள்.

முதல் அறை பிள்ளை பெறுகிறவளுக்கு. 'என்னால முடியாது, நான் சாகப்போறேன்' என்று கண்ணைச் செருகுகிற நேரம் பார்த்துத் தொடையில் பட்டென்று விழும். சாகப்போகிறவள் கோபத்தில் எழுந்து உட்காருவாள். அந்தக் கோபத்திலேயே பிள்ளை வெளியே வந்துவிடும். இரண்டாவது அறை பிள்ளைக்கு. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் ஒன்று. வீல் என்று கத்தினால் வேலை முடிந்தது. மூன்றாவது புருஷனுக்கு. இது எந்த வழக்கத்திலும் கிடையாது, அவளே சேர்த்துக்கொண்டது. வாசலில் நின்று 'இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேட்கிறவனுக்குத் தானாகக் கிடைக்கும்.

அப்படித்தான் அந்த மருத்துவச்சிக்கு அறைக்காரி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. மாற்றலாகி வந்த ஒரு மனுஷர், கொஞ்சம் படித்தவர், யாரோ விளையாட்டுக்குக் கைகாட்டிவிட, அவள் வாசலில் வந்து நின்றார்.

"இங்க அறை கிடைக்கும்னு சொன்னாங்க."

"கிடைக்குமே. ஒத்தை அறையா, ரெட்டை அறையா?"

"ஒத்தை போதும்மா. நான் தனி ஆள்."

ஒத்தையே கொடுத்து அனுப்பினாள். கைகாட்டிவிட்டவர்கள் மூலையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அவளும் பார்த்தாள். அவர்களுக்கு ரெட்டை.

அவளுக்கு வலது உள்ளங்கை முறம் மாதிரி அகலம். இடது கையின் சுண்டுவிரல் மட்டும் கோணலாக வெளியே நிற்கும். அது அவள் புருஷன் செய்த வேலை. சந்தையில் மூட்டை தூக்குகிறவன். சொல்லாமல் பிரசவம் பார்க்கப் போய்விட்டாள் என்று, திரும்பி வந்தவள் வாசல் நிலையில் கை வைத்திருந்த நேரம் பார்த்துக் கதவை அறைந்து சாத்தினான். விரல் நொறுங்கிய சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டதாம். அவள் உள்ளே போய் வெந்நீர் அண்டாவின் மூடியை எடுத்துவந்து அவன் முழங்காலில் இறக்கினாள். அந்தச் சத்தம் நாலாவது வீட்டுக்குக் கேட்டது. கால் கூடியதும் அவன் நொண்டிக்கொண்டே ஊரைவிட்டுப் போனான். போகிறபோது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அந்த மரியாதைக்காக அவள் இன்றுவரை அவனை அதிகம் திட்டுவதில்லை.

பிள்ளை பிறப்பதைப் பற்றிப் பூ மலர்ந்த மாதிரி என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். எந்தப் பூ கிழித்துக்கொண்டு வருகிறது? எந்தப் பூ வருகிறபோது உதைக்கிறது? அவள் முன்னங்கை முழுக்கப் பல்தடம். ஒருத்தி வலியில் விட்ட உதையில் அவளுடைய முன்பல் இரண்டும் தெறித்துப் போயின. அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தியபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பொக்கையாக வாயைத் திறந்துகொண்டார்கள். ஒன்று அழுதது, ஒன்று சிரித்தது.

அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அவிழ்ப்பு என்பார்கள். வீட்டில் ஒருத்திக்கு இடுப்புவலி கண்டுவிட்டால் அந்த வீட்டில் எந்த முடிச்சும் இறுகியிருக்கக் கூடாது, எந்தப் பூட்டும் மூடியிருக்கக் கூடாது. பெண்கள் சடையை அவிழ்த்துவிட வேண்டும். மூட்டை முடிச்சு, டப்பா மூடி, செருப்பு வார் எல்லாம் தளர வேண்டும். வீட்டில் எதுவாவது அடைபட்டிருந்தால் உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் வழி அடைபடும் என்று நம்பிக்கை. அதனால் மருத்துவச்சி வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்காரர் சாவிக்கொத்தோடு முன்னால் போக, அவள் பின்னால் போய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள்.

இந்தச் சுற்றில் அவள் பார்க்காத ரகசியம் இல்லை. பெட்டிக்குள் பாட்டில், பாட்டிலுக்குப் பின்னால் அடுத்த தெருக்காரியின் போட்டோ, மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் ஒளித்த பிஸ்கட், மருமகளுக்குத் தெரியாமல் மாமியார் ஒளித்த அதே பிஸ்கட்.

"பூட்டைத் திறந்தா புள்ள வருமா?" என்று அவளிடம் கேட்டால், "புள்ள வருமான்னு எனக்குத் தெரியாது. வேற என்னென்னமோ வரும்" என்பாள்.

கிரில்காரன் வீட்டில் வந்தது அப்படித்தான்.

டிப்போவுக்குப் பின்னால் பட்டறைகள் இருக்கிற தெருவில் அவனுடையதுதான் பெரியது. முன்னால் ஷட்டர் போட்ட பட்டறை, அதன் பின்னால் இரும்பு கேட், கேட்டுக்குப் பின்னால் வீடு. ஜன்னலுக்குக் கிரில், மாடிப்படிக்குக் கிரில், கிணற்றுக்கும் கிரில். பட்டறையில் வேலை பார்த்த ஒருவனுக்குத் தீப்பொறி என்று பட்டப்பெயர். வாய் சும்மா இருக்காது. "முதலாளி வீட்டுக்குக் கிரில் போட்டாரா, கிரிலுக்குள்ள வீட்டைப் போட்டாரா?" என்று ஒருநாள் சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி பின்னால் நின்றதைச் சிரித்தவர்கள் பார்த்துவிட்டார்கள், சொன்னவன் பார்க்கவில்லை.

சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு தீப்பொறியின் வலது கை கூழாகிவிட்டது. இரும்புச் சட்டம் சரிந்து விழுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தெரு முழுக்க அந்தக் கதையைக் கேட்டது, ஒருவரும் நம்பவில்லை, ஒருவரும் வாயைத் திறக்கவும் இல்லை. அதே நேரத்தில் கிரில்காரனின் தங்கச்சியும் கண்ணில் படாமல் போனாள். சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலையில், கிரில்காரன் பெண்டாட்டியின் பிரசவத்துக்கு அறைக்காரியைக் கூப்பிட அவன் அம்மாவே ஓடிவந்தாள். தலையை முன்கூட்டியே அவிழ்த்துப் போட்டிருந்தாள்.

"சீக்கிரம் வாம்மா. பனிக்குடம் உடைஞ்சிருச்சு. இந்தத் தடவையாவது எனக்கு உசுரோட ஒரு பேரப்புள்ளையக் கொடு."

போன தடவை பிறந்தது மூச்சில்லாமல் பிறந்தது. அன்றைக்கு கிரில்காரன் கேட்டைப் பூட்டிச் சாவியோடு வெளியூர் போயிருந்தான். அந்தப் பூட்டுதான் பிள்ளையைக் கொன்றது என்று அவன் அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் வெளிக்குச் சிரிப்பான். ஆனால் இந்தத் தடவை அறைக்காரி வாசல்படி ஏறும்போதே சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாங்கக்கா. எல்லாத்தையும் திறந்துடறேன்."

ஷட்டர் ஏறியது. கேட் திறந்தது. பீரோ, டிரங்குப் பெட்டி, சைக்கிள் பூட்டு எல்லாம் திறந்தன. கருவிப் பெட்டியில் பாதி பாட்டில் இருந்தது. அறைக்காரி அதை எடுத்து அவன் அம்மா கையில் கொடுத்து, "இதோட மூடியையும் கழட்டிருங்க பெரியம்மா, இதுவும் அடைச்ச பொருள்தான்" என்றாள். வீட்டின் பக்கவாட்டில் நீளமாக ஒரு நடை. ஒரு பக்கம் பிள்ளை பெறுகிறவள் படுத்திருந்த அறை. அதற்கு நேர் எதிரே கனத்த இரும்புக் கதவு, கைப்பிடி அளவுக்குப் பூட்டு. கிரில்காரன் அதைக் கடந்து போய்விட்டான்.

"தம்பி, இது?"

"கம்பி ரூம்க்கா. சாவி தொலைஞ்சு வருஷமாச்சு."

"வருஷமான பூட்டுல எண்ணெய் இப்படி மினுக்குதே!"

அவன் பட்டறைக்குப் போய் கட்டிங் மிஷினைப் போட்டு, ஒரு துண்டுக் கம்பியை அதில் வைத்து அழுத்தினான். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சத்தத்துக்காகத்தான். பல்லைக் கூசவைக்கிற அந்தச் சத்தத்தில் அறைக்காரி குனிந்து கதவின் அடியில் காதை வைத்தாள்.

கதவின் அடியிலிருந்து விரல்கள் வந்தன. நகமெல்லாம் நீலம் பாரித்து, ஒன்று பாதி பெயர்ந்து தொங்கியது.

"யாரு?"

"நான்தான்க்கா... அவனோட தங்கச்சி. தண்ணி."

"நீ சித்தி வீட்டுக்குப் போயிருக்கறதா சொன்னாங்களே?"

"இதுதான்க்கா சித்தி வீடு."

அறைக்காரி தோளில் கிடந்த துணியைக் குடத்துத் தண்ணீரில் முக்கி, கதவின் அடியில் தள்ளினாள். உள்ளே அது உறிஞ்சப்படுகிற சத்தம் கேட்டது. பிறந்த பிள்ளைக்கு நாக்கை நனைக்கிற மாதிரிதான்.

"எதுக்கு இங்க போட்டான்?"

"எங்கண்ணன் தீப்பொறியோட கையை வைஸ் இடுக்கியில வெச்சு இறுக்கினான்க்கா. கம்பியை இறுக்குற மாதிரி, சுத்திச் சுத்தி. நான் டீ டம்ளரோட நின்னுட்டிருந்தேன். பாக்கலைன்னு சொல்லுன்னான். மாட்டேன்னேன். வாயை மூடறேன்னு சொன்னாத்தான் கதவைத் திறப்பானாம்."

"சொல்லித் தொலையேன்டி. வெளிய வந்து மாத்திக்கலாம்."

"தீப்பொறி என்னைப் பாத்துட்டே கத்தினான்க்கா. நான் வந்து நிறுத்துவேன்னு நெனச்சான். நான் டம்ளரைக்கூடக் கீழ வைக்கல. இதையாவது சொல்லலைன்னா எப்படி?" ஈரத் துணியை மறுபடி உறிஞ்சினாள். "சாயங்காலம் லாரி வருதாம். கம்பியோட என்னையும் ஏத்தி அனுப்பப்போறானாம். எங்கன்னு சொல்லல."

போலீசுக்கு ஆள் அனுப்பலாமா என்று யோசித்தாள். ஸ்டேஷனில் இருந்த புது கேட் கிரில்காரன் போட்டுக்கொடுத்தது. பெயின்ட்கூட அவன் செலவு. அவளே ஓடலாம் என்றால், முதுகுக்குப் பின்னால் ஒருத்தி வலியில் தரையைப் பிராண்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. உன் சடையை அவுத்துவிடு. கதவு திறந்ததும் நிக்காத, யாரு மூஞ்சியையும் பாக்காத. கேட்டு, ஷட்டர் எல்லாம் திறந்து கிடக்கு. ஓடு."

"கதவு எப்படிக்கா திறக்கும்?"

"அது என் பாடு."

கட்டிங் மிஷின் நின்றது. அறைக்காரி எழுந்து பிரசவ அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தாள்.

கிரில்காரன் பெண்டாட்டி சுவரைப் பிடித்து மண்டி போட்டிருந்தாள். முதுகில் துணி விலகிய இடத்தில் கம்பியின் தடம், பச்சையும் மஞ்சளுமாக.

"இது எதுக்கு?"

"எதிர் ரூமுக்குத் தட்டைத் தள்ளினேன்க்கா. அதுக்கு."

"வயித்துல புள்ள இருக்கையிலயா?"

"வயித்துல அடிக்கல. அவ்வளவு நல்லவரு." வலி வந்து அவளை வளைத்தது. போனதும் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவளை விட்டுருங்கக்கா. எனக்கு என்ன ஆனாலும் சரி" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது, வாயை மூடிட்டு முக்கு" என்று தொடையில் ஒன்று கொடுத்துவிட்டு, அறைக்காரி கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"பெரியம்மா! புள்ள இறங்க மாட்டேங்குது. வீட்டுல எங்கயோ ஒரு பூட்டு மூடிக் கிடக்கு."

பொய்தான். பிள்ளையின் தலை உள்ளங்கை அளவுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

கிரில்காரனின் அம்மாவின் முகம் வெளுத்தது. மகனைப் பார்த்தாள். அவன் எதிர்க்கதவைப் பார்க்காமல் இருக்க முயன்றதே பார்த்த மாதிரி இருந்தது.

"அது கம்பி ரூம்தானேம்மா," என்றாள் அவள். மகள் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மிஷின் சத்தத்துக்கு நடுவில் சமைத்துக்கொண்டிருந்தாள். "உள்ள வெறும் இரும்புதான்."

"இரும்புதான். ஆனா இருமுதே பெரியம்மா."

"ஏய்!" என்றான் கிரில்காரன். அவன் வாயிலிருந்து 'அக்கா' போய்விட்டது. "உன் வேலை எதுவோ அதைப் பாரு. பல்லு மிச்சம் இருக்கறதும் போயிடும்."

"என் வேலையத்தான் பாக்கறேன். போன தடவை கேட்டு, இந்தத் தடவை கம்பி ரூம். உன் புள்ளைக்கு நீயே பூட்டுப் போட்டுக் கொல்லு, எனக்கென்ன."

கதவைச் சாத்தித் திரும்பினாள். திரும்பியபோது பிள்ளை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. தலை வந்து, கொடி கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. கோணல் சுண்டுவிரலை உள்ளே விட்டு அதை நெம்பி எடுத்தாள். நேரான விரலுக்கு அந்த வேலை வராது. தோள் வந்தது, மீதியெல்லாம் ரத்தத்தோடு வழுக்கிக்கொண்டு அவள் மடியில் வந்து விழுந்தது. பெண். நீலமாக, அசையாமல்.

அவள் வலது கை தானாக மேலே போனது.

அங்கேயே நின்றது. அறைந்தால் கத்தும். கத்தினால் வெளியே கேட்கும். பிள்ளை வந்துவிட்டது என்று தெரிந்தால் அப்புறம் எந்தப் பூட்டை யார் திறப்பார்கள்? அறையாவிட்டால் மூச்சு வராமலே போகலாம்.

வாழ்நாளில் முதல் தடவையாக ஓங்கிய கையை இறக்கினாள். பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுக் கோழையை வழித்தாள். மூக்கில் வாயை வைத்து உறிஞ்சித் துப்பினாள். முதுகை உள்ளங்கையால் தேய்த்தாள், தேய்த்தாள். 'அடியே, அடியே, சத்தம் போடாம பொழைச்சுக்கடி, உன் அத்தைக்காக' என்று காதில் கெஞ்சினாள். அறைக்காரி கெஞ்சியதை யாராவது பார்த்திருந்தால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடிந்திருக்காது.

பிள்ளையின் மார்பு விம்மியது. நீலம் சிவப்பானது. வாய் சதுரமாகத் திறந்தது.

"கத்து!" என்றாள் பெற்றவளிடம்.

பெற்றவள் கத்தினாள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து கத்தியதில் அம்மா ஜெயித்தாள். அறைக்காரி பிள்ளையை அப்படியே தூக்கி மாரில் போட, வாயில் பால்காம்பு அகப்பட்டதும் அது அடங்கியது. அம்மா அடங்கவில்லை. பிரசவ வாயில் வருவதற்கு வழக்கு கிடையாது. வலியில் ஒருத்தி என்ன சொன்னாலும் அதை வெளியே எடுத்துப்போகக் கூடாது என்பது அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இருந்த ஒரே சலுகை. கிரில்காரன் பெண்டாட்டி கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்த்தாள்.

"உன் கை அழுகிப் போக! என் முதுகுல கம்பி வெச்ச கை புழுத்துப் போக! நீ செஞ்ச கேட்டுலயே நீ மாட்டிச் சாவ! உங்கம்மா பெத்ததுல உருப்படியா இருக்கறது உள்ள கிடக்கறவ ஒருத்திதான்டா!"

ஒவ்வொரு வசவுக்கும் அறைக்காரி தன் தொடையிலேயே ஓங்கி ஒரு அறை விட்டாள், வெளியே கேட்க வேண்டுமே. நடுவில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அதையும் அழுகை மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் சிரிப்பு நின்றது. நஞ்சுக்கொடி வரவில்லை. வயிற்றை அழுத்தினாள், பிசைந்தாள். வராமல், ரத்தம் மட்டும் வந்தது. பாய் நனைந்து தரைக்கு இறங்கியது. வசவு ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் வெறும் முனகலாயிற்று. பெற்றவளின் உதடு காகிதமானது.

"நடிக்காத, சத்தமாக் கத்து."

"நடிக்கலக்கா," என்றாள் அவள்.

ஒருத்தியை வெளியே விட இன்னொருத்தியை அனுப்பிவிடுவோமோ? ஆஸ்பத்திரிக்குத் தூக்கவும் அவன்தான் வர வேண்டும். கதவைத் திறந்தால் பிள்ளை தெரியும். முழங்கை வரை ரத்தமாக இருந்த இரண்டு கைகளை மட்டும் கதவிடுக்கில் நீட்டினாள்.

"பாருங்க! இது உங்க வீட்டு ரத்தம். இன்னும் பூட்டைப் பிடிச்சுட்டு நில்லுங்க!"

கிரில்காரனின் அம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். மகன் மேல் பாய்ந்து அவன் இடுப்புச் சாவியைப் பிடித்தாள். "திறடா! புள்ளையக் கொன்ன பாவி, திறடா!" அவன் உதறினான். அவள் போய் அவன் செய்த ஜன்னல் கிரிலிலேயே மோதினாள். நெற்றி பிளந்தது. கிழவி உட்காரவில்லை. கண்ணில் வழிந்ததை வழித்து எறிந்துவிட்டு, நடையில் கிடந்த சம்மட்டியைத் தூக்கினாள். தூக்க முடியாததைத் தூக்கினாள்.

"நீ திறக்கறியா, நான் உடைக்கவா? பூட்டை உடைக்க முடியலைன்னா உன் மண்டையை உடைப்பேன்!"

அவனுக்கு வியர்த்தது. போன தடவை துணியில் சுற்றிக் கொடுத்ததை அவன்தான் கையில் வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்தான். சாவியைப் பூட்டில் செருகினான்.

பூட்டு தரையில் விழுந்த சத்தமும், அறைக்காரியின் கைக்குள் நஞ்சுக்கொடி முழுசாக வந்து விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அவள் அதைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிள்ளை பூட்டுத் திறக்கக் காத்திருக்கவில்லை. நஞ்சுக்கொடி மட்டும் காத்திருந்திருக்கிறது. அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. வயிறு கல்லாக இறுகி ரத்தம் அடங்குகிறவரை அழுத்திப் பிடித்தாள். அடங்கியது. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு நடைக்கு வந்து நின்றாள்.

"வந்தாச்சு பெரியம்மா. ரெண்டும் வந்தாச்சு."

"ரெண்டா?" கிழவியின் கையிலிருந்து சம்மட்டி நழுவியது. "ரெட்டையா?"

"ஆமா. ஒண்ணு பொண்ணு. இன்னொண்ணும் பொண்ணுதான். அது கொஞ்சம் வளந்த புள்ள, வயசு பத்தொம்போது."

கம்பி ரூம் வாசலில் தங்கச்சி நின்றாள். கண் வெளிச்சம் தாங்காமல் சுருங்கியிருந்தது, கால் மரத்துப்போயிருந்தது. கிரில்காரனுக்கு விஷயம் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. புரிந்ததும் வழக்கம்போல் அவள் சடையைப் பிடிக்கக் கையை வீசினான். சடை இல்லை. அவிழ்ந்த கூந்தல் அவன் விரல்களுக்குள் புகுந்து, ஒரு பிடி மயிரைக் கொடுத்துவிட்டு உருவிக்கொண்டது. அவள் ஓடினாள். சுவரில் இடித்து, விழுந்து, எழுந்து ஓடினாள்.

அவன் துரத்த முடியாதபடி நடையின் குறுக்கே அறைக்காரி நின்றாள். அவன் சுவரோரம் இருந்த கம்பியை எடுத்து வீசினான். அவள் தலைக்குக் குறுக்கே வலது கையைக் கொடுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து கை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் கையைப் பார்த்துவிட்டு, அவனைப் பார்த்துவிட்டு, இடது கையால் ஒரு அறை விட்டாள். கோணல் விரல் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போனான்.

அந்த இரண்டு எட்டு போதுமாக இருந்தது. திறந்த கேட், திறந்த பட்டறை, ஏற்றிவிட்ட ஷட்டர். பட்டப்பகலில், சித்தி வீட்டுக்குப் போனவள் தலைவிரிகோலமாக நடுத்தெருவில் வந்து விழுந்ததைத் தெரு முழுக்கப் பார்த்தது. பட்டறைகளில் ஒவ்வொரு மிஷினாக நின்றது. தீப்பொறியோடு வேலை பார்த்தவர்கள் ஸ்பேனரும் சுத்தியுமாக எழுந்து வந்தார்கள். அவர்கள் உள்ளே போய்ச் செய்ததை யாரும் விவரமாகச் சொல்வதில்லை. கிரில்காரனை ஸ்டேஷனுக்கு நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், அவன் போட்ட கேட் வழியாகவே. அந்த நேரத்தில் கிழவி நெற்றி ரத்தத்தைத் துடைக்காமல் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு விடுகிறதா என்று மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கம் திரும்ப அவளுக்கு முகம் வரவில்லை.

கோர்ட்டில் தங்கச்சி ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள், டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றதையும் சேர்த்து. அறைக்காரியைக் கூண்டில் ஏற்றி, "அந்த அறையைப் பத்தி என்ன தெரியும்?" என்று வக்கீல் கேட்டார்.

"எந்த அறைங்க? நான் குடுத்ததா, அவ இருந்ததா?"

நீதிபதி பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அவள் கை சரியாகக் கூடவில்லை. முறம் பாதியாக மடங்கிவிட்டது. இப்போது இடதுகையால்தான் அறைகிறாள். முன்பைவிடச் சுள்ளென்று இருக்கிறது, அந்தக் கோணல் விரல் தனியாக ஒன்று வைக்கிறது என்று வாங்கியவர்கள் சொல்கிறார்கள். அவிழ்ப்புச் சுற்றில் மட்டும் ஒரு மாற்றம். முன்பெல்லாம் வேடிக்கைக்குப் பார்த்தவள் இப்போது டப்பா மூடியைக்கூட விடுவதில்லை. "நம்பிக்கை வந்திருச்சா?" என்று கேட்டால், "மூடிட்டு வேலையப் பாரு" என்பாள்.

கிரில்காரன் ஜெயிலில் கம்பி எண்ணுகிறான்; பட்டறை இப்போது பெண்டாட்டி பெயரில் ஓடுகிறது. தங்கச்சி வேலை வாங்குகிறாள். கம்பி ரூமுக்குக் கதவு கிடையாது. அந்தப் பக்கம் போனால் அறைக்காரி உள்ளே எட்டிப் பார்ப்பாள். அறை வாங்காமல் பிறந்த ஒரே பிள்ளை கம்பிக் குவியலுக்குப் பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருக்கும். தூக்கினால் அவள் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைக்கும். அவள் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்பாள்.

தீப்பொறியும் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். வேலை செய்ய முடியாது. வாய் மட்டும் பழையபடி வந்துவிட்டது.

"வாங்கக்கா, இடதுகைக் கட்சிக் கூட்டம் இன்னைக்கு இங்கதானா?"

"உனக்கு ஒண்ணு வைக்கணும்டா. உக்காரு, டீ குடிச்சுட்டு வைக்கறேன்."

தங்கச்சி டீ கொண்டுவருவாள். முதல் சில நாள் அவள் கையில் டம்ளர் கடகடவென்று ஆடி, பாதி தரையில் கொட்டியது. தீப்பொறி மிஞ்சிய பாதியை இடது கையால் வாங்கிக் குடித்தான். இப்போது கொட்டுவதில்லை. அவன் கைக்குள் டம்ளர் நன்றாக உட்கார்ந்ததும்தான் அவள் தன் விரலை எடுப்பாள்.